குறைந்த விலை டர்ன்டேபிள்: வடிவமைப்பையும் கட்டமைப்புத் தரத்தையும் மதிப்பிடுதல்

டர்ன்டேபிள் என்பது வினைல் இசைத்தட்டைச் சீரான வேகத்தில் சுழற்றி, அதன் வரிப்பள்ளத்தில் பதிந்துள்ள அசைவுகளை ஊசியின் வழியாக மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவி. ஆம்பிளிஃபயரும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ரெக்கார்டு பிளேயரிலிருந்து இது வேறுபட்டது. டர்ன்டேபிளுக்கு இவை இரண்டும் தனியாக வேண்டும். ஒலித்தரத்தில் கூடுதல் அக்கறை கொண்ட கேட்பவர்களை ஆடியோஃபைல் என்று அழைப்பது வழக்கம். அவர்களுக்கான டர்ன்டேபிள்கள் பல ஆயிரம் டாலர் வரை விலை போகின்றன. சில நூறு டாலர் விலையில், அதே நோக்கத்துடன், தேவையற்ற வசதிகளைத் தவிர்த்துச் செய்யப்படுபவை குறைந்த விலை ஆடியோஃபைல் டர்ன்டேபிள்கள் எனப்படுகின்றன.

இந்த வகைக் கருவியை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பாத்திரக் கடையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம். டர்ன்டேபிளில் அந்தப் பழக்கம் ஏமாற்றிவிடும். கனமான பெட்டி, பளபளக்கும் உலோக விளிம்பு, வரிசையாகப் பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்ட ஒன்று, வெறும் பலகைபோல் தோன்றும் இன்னொன்றைவிட மோசமாக ஒலிப்பது அரிதல்ல. தவறான தேர்வின் இழப்பு கருவியின் விலையோடு முடிவதும் இல்லை. மட்டமான ஒலிபெருக்கி மட்டமாக ஒலிக்கும், அவ்வளவுதான். மட்டமான டர்ன்டேபிளோ ஒவ்வொரு முறை இயங்கும்போதும் இசைத்தட்டைத் தேய்க்கிறது. தேய்ந்த பள்ளத்தை மீண்டும் உருவாக்க வழியில்லை. மறுபதிப்பு வராத பழைய தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது முதன்மையான கேள்வி.

ஊசி எதை அளக்கிறது

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குல எல்பி இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. ஸ்டீரியோ எல்பி தட்டுகள் 1958இல் விற்பனைக்கு வந்தன. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கும். ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மற்றதில் வலப்பக்க ஒலி. பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லிய இந்த வாய்க்காலின் சுவர்களில் உள்ள நெளிவுகள்தான் இசை. மெல்லிய ஒலிகளுக்கான நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

ஊசி தன்னளவில் எதையும் 'கேட்பதில்லை'. ஊசிக்கும் அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் உடலுக்கும் இடையிலுள்ள அசைவு மட்டுமே மின்குறிப்பாகிறது. பள்ளம் நெளிவதால் ஊசி அசைந்தாலும், மோட்டாரின் அதிர்வால் தட்டு அசைந்தாலும், தளர்ந்த பேரிங்கினால் கை ஆடினாலும் கார்ட்ரிட்ஜுக்கு எல்லாம் ஒன்றே. அது வேறுபாடு காணாது. ஆகவே பள்ளத்தின் நெளிவைத் தவிர வேறெதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வதே டர்ன்டேபிளின் முழு வேலை. கட்டமைப்புத் தரம் என்ற சொல்லுக்கு இங்கே பொருளும் அதுதான்.

தாழ்ந்த சுருதி அதிர்வுகள் ஏன் பெரிய தொல்லையாகின்றன என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேஸ் ஒலிகளை அப்படியே பதித்தால் பள்ளம் மிக அகலமாக நெளிந்து இடத்தைத் தின்றுவிடும். எனவே தட்டு வெட்டும்போது அவற்றைக் குறைத்து, இயக்கும்போது அதே அளவுக்கு உயர்த்துகிறார்கள். 1954 முதல் இதற்கான பொது அளவுகோல் ஆர்ஐஏஏ வளைவு எனப்படுகிறது. இதன்படி 20 ஹெர்ட்ஸில் உள்ள குறிப்பு, 1,000 ஹெர்ட்ஸில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அதிகமாகப் பெருக்கப்படுகிறது. பேரிங்கின் உறுமலும் மோட்டாரின் முனகலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கையால் தொட்டால் உணர முடியாத அதிர்வும் ஒலிபெருக்கியில் கேட்பது இதனால்.

58 டாலரில் ஒரு தீர்வு

குறைந்த விலையில் நல்ல டர்ன்டேபிள் செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றில் முதலில் சொல்லத்தக்க சான்று அமெரிக்காவின் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் எக்ஸ்ஏ. காற்றடைத்த பெட்டி ஒலிபெருக்கியை உருவாக்கிப் புகழ்பெற்ற எட்கர் வில்ச்சர் இதை வடிவமைத்தார். 1961இல் வெளிவந்த இதன் தொடக்க விலை, டோன்ஆர்முடன் சேர்த்தே, 58 டாலர்.

வில்ச்சரின் யோசனை எளிமையானது. சுழல்தட்டின் பேரிங்கையும் டோன்ஆர்மையும் ஒரே உலோகச் சட்டத்தில் பொருத்தினார். அந்தச் சட்டத்தை மூன்று சுருள்வில்களில் தொங்கவிட்டார். மோட்டார் மேல்தகட்டில் தனியாக நின்றது. இரண்டுக்கும் இடையில் இருந்த ஒரே தொடர்பு மெல்லிய ரப்பர் பெல்ட். தரையிலிருந்து வரும் அதிர்வும் மோட்டாரின் அதிர்வும் வில்களிலும் பெல்ட்டிலும் கரைந்துவிடும். மீறி வருவதும் தட்டையும் கையையும் சேர்த்தே அசைக்கும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் ஊசிக்கு அது அசைவே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைச் சுத்தியலால் தட்டிக் காட்டுவது அந்நாளில் இதற்கான பெயர்பெற்ற விளம்பரம். பின்னர் வந்த தோரன்ஸ் டிடி 150, 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் உருவான லின் சோன்டெக் எல்பி12 ஆகியவை இதே கருத்தின் வழிவந்தவை.

எக்ஸ்ஏயின் டோன்ஆர்ம் பார்வைக்கு எளிய குழாய். தானாகத் திரும்பும் வசதி இல்லை. வேகத்தை மாற்றுவதற்குப் பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். எங்கே செலவிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கணக்கு அதில் தெளிவாக இருந்தது.

எதிர்த் திசையில் ரீகா

இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் 1973இல் டோனி ரெல்ஃப், ராய் காண்டி ஆகிய இருவர் தொடங்கிய நிறுவனம் ரீகா. இருவரின் குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததே நிறுவனத்தின் பெயர். வில்களில் தொங்கவிடும் முறையை ரீகா கைவிட்டது. மெல்லிய, எடை குறைந்த, ஆனால் விறைப்பான ஒரே பலகையை அடிப்பீடமாக்கி, அதில் பேரிங், டோன்ஆர்ம், மோட்டார் மூன்றையும் நேரடியாகப் பொருத்தியது. கனமான பீடம் அதிர்வைத் தன்னுள் தேக்கி வைத்துத் தாமதமாகத் திருப்பித் தரும், எடை குறைந்த பீடம் அதை விரைவில் இழந்துவிடும் என்பது காண்டியின் வாதம். கனத்தையே நம்பும் வடிவமைப்பாளர்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் வில்ச்சரும் காண்டியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: சுழல்தட்டின் அச்சுக்கும் டோன்ஆர்மின் அடித்தளத்துக்கும் இடையே உள்ள தொடர்பு இம்மியும் இளகக் கூடாது.

2016இல் வெளிவந்த ரீகா பிளானர் 1, இந்தச் சிந்தனையின் மலிவான வடிவம். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஏமாற்றம் வருவது இயல்பு. பளபளப்பான ஒரு பலகை, மூன்று ரப்பர் கால்கள், 23 மி.மீ. தடிமனுள்ள பினாலிக் ரெசின் சுழல்தட்டு, அடியில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 33லிருந்து 45க்கு மாற்றச் சுழல்தட்டைக் கழற்றி, பெல்ட்டைப் புல்லியின் அடுத்த பள்ளத்துக்கு நகர்த்த வேண்டும். டோன்ஆர்மின் உயரத்தை மாற்ற இயலாது. அம்சப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் பாதி விலைக் கருவிகளிடமே இது தோற்றுவிடும். பணம் போயிருக்கும் இடம் வேறு: 24 வோல்ட் அமைதியான மோட்டார், பித்தளை உறையுள்ள மைய பேரிங், தளர்வில்லாத ஆர்பி110 டோன்ஆர்ம். 1983இல் ரீகா வெளியிட்ட ஆர்பி300, குழாய் முழுவதும் ஒரே வார்ப்பான அலுமினியக் கை. வேறு நிறுவனங்களும் அதை வாங்கித் தம் சுழலிகளில் பொருத்தின. அந்தப் பட்டறிவு மலிவான மாதிரிக்கும் கசிந்து வந்திருக்கிறது.

ஆஸ்திரியாவின் புரோ-ஜெக்ட் நிறுவனம் செக் குடியரசின் லிட்டோவெல் நகரில் தயாரிக்கும் டெபியூ வரிசை (முதல் மாதிரி 1999) வேறொரு பங்கீட்டைக் காட்டுகிறது. 2012இல் வந்த டெபியூ கார்பனில் அடிப்பீடம் சாதாரண எம்டிஎஃப் பலகை, ஆனால் 8.6 அங்குல டோன்ஆர்ம் கார்பன் இழையால் ஆனது. 2020இல் வந்த ஈவோ மாதிரியில் வேகத்தை மாற்றச் சுவிட்ச், உயரத்தைச் சரிசெய்யும் கால்கள், உட்புறம் அதிர்வுதாங்கிப் பட்டை பொருத்திய எஃகுச் சுழல்தட்டு ஆகியவை சேர்ந்தன. எது சிறந்தது என்பதில் கேட்பவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. மதிப்பீட்டுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பல்ல, ஒவ்வொன்றிலும் செலவு எங்கே போனது என்று பார்க்கும் கண்.

பேரிங்கும் சுழல்தட்டும்

சுழல்தட்டின் அச்சு ஒரு குழல் போன்ற உறைக்குள், பெரும்பாலும் எண்ணெயில், சுழல்கிறது. அடியில் ஒரு சிறு எஃகுக் குண்டு அல்லது கூர்முனை மொத்த எடையையும் தாங்கும். அச்சுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுழல்தட்டின் விளிம்பை இரு கைகளாலும் மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்க்க முயன்றால் போதும். 'டக்' என்ற சிறு தட்டல் உணரப்பட்டால் அது தளர்ச்சி. மைக்ரான் அளவு நெளிவுகளைப் படிக்கும் கருவியில் விரலுக்கே தெரியும் தளர்ச்சி மன்னிக்கத்தக்கது அல்ல.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு சுழல்தட்டைத் தள்ளி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது பலருடைய வழக்கம். இதை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. கெட்டியான எண்ணெய் இட்ட நல்ல பேரிங் சீக்கிரமே நிற்கலாம். தளர்ந்த பேரிங் வெகுநேரம் சுற்றலாம். நேரத்தைவிட ஓசையைக் கவனிப்பது பயன் தரும். பீடத்தில் காதை வைத்தாலும் உரசல், கரகரப்பு எதுவும் கேட்கக் கூடாது. நிற்கும்போது படிப்படியாகத் தேய்ந்து நிற்க வேண்டும். திடீரென்று பிடித்து நின்றால் உள்ளே தூசியோ கோணலோ இருக்கிறது.

சுழல்தட்டின் எடை ஓரளவு உதவுகிறது. வேகத்தின் சிறு ஏற்ற இறக்கங்களை அது விழுங்கும். ஆனால் மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஒரே எடை தட்டு முழுவதும் பரவியிருப்பதைவிட விளிம்பில் குவிந்திருந்தால் சுழல் உந்தம் இரு மடங்காகும். மெல்லிய உலோகத் தகட்டை அழுத்திச் செய்த சுழல்தட்டுகளை விரல் கணுவால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அந்த ஓசையைக் கம்பளி அல்லது ரப்பர் விரிப்பு அடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேலும் சுழலும்போது விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் மேலும் கீழும் அலைவது தெரியும். சிறு அலைவு ஒலியைக் கெடுப்பதில்லை. கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் திருப்பிக் கொடுப்பதே சரி.

மோட்டாரும் வேகமும்

இந்த விலைப் பிரிவில் பெரும்பாலானவை பெல்ட் மூலம் இயங்குபவை. மோட்டாரே சுழல்தட்டின் அச்சாக அமையும் நேரடி இயக்கம், ஜப்பானின் டெக்னிக்ஸ் 1972இல் வெளியிட்ட எஸ்எல்-1200 வழியாகப் பரவியது. அதன் தோற்றத்தை ஒத்த மலிவுச் சுழலிகள் இன்று ஏராளம். சாய்ந்த வேகக் கட்டுப்பாடு, விளிம்பில் புள்ளிகள், எஸ் வடிவக் கை எல்லாம் அப்படியே இருக்கும். தோற்றத்தை நகலெடுப்பது எளிது, மோட்டாரின் நுட்பத்தை நகலெடுப்பது கடினம் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. நேரடி இயக்கமே தாழ்ந்தது என்பதும் தவறு. பெல்ட் என்றாலே உயர்ந்தது என்பதும் தவறு.

எளிய பெல்ட் சுழலிகளில் உள்ள ஒத்தியங்கு மோட்டார், வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றியே ஓடுகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் அது 50 ஹெர்ட்ஸ்; அமெரிக்கா, கனடாவில் 60. அமெரிக்காவுக்காகச் செய்த அத்தகைய சுழலியைச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுவந்தால் 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 27.8 சுற்றே ஓடும். சுருதி ஷட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி அளவு இறங்கிவிடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவது போல் கேட்கும். மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. பொருத்தமான புல்லி மாற்ற வேண்டும், அல்லது தன் அதிர்வெண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும் மின்சுற்று உள்ள மாதிரியை வாங்க வேண்டும்.

வேகத்தைச் சோதிக்க ஸ்ட்ரோப் தாள் நல்ல கருவி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குகிறது. 180 கோடுகள் வரைந்த வட்டத்தை அந்த ஒளியில் 33⅓ வேகத்தில் சுழற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். முன்னோக்கி நகர்ந்தால் வேகம் அதிகம். பின்னோக்கி என்றால் குறைவு. இன்றைய எல்இடி பல்புகள் பல இப்படி மினுங்குவதில்லை. பழைய குண்டு பல்போ சோக் வைத்த டியூப்லைட்டோ தேவைப்படலாம். கைப்பேசியைச் சுழல்தட்டில் வைத்து அதன் சுழற்சி உணரி மூலம் அளக்கும் செயலிகளும் உண்டு. கைப்பேசியை நடுவில் சமனாக வைக்காவிட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து அளவு பிழைபடும்.

சராசரி வேகம் சரியாக இருந்தும் நொடிக்கு நொடி ஏறி இறங்கினால் அது வேறு குறை. மெதுவான ஏற்ற இறக்கம் வாவ் என்றும், விரைவானது ஃபிளட்டர் என்றும் சொல்லப்படும். கமகம் நிறைந்த பாட்டில் இது ஒளிந்துகொள்ளும். பியானோவின் நீண்ட சுரமும் தனித்து ஒலிக்கும் தம்பூராவும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குற்றத்தைக் கருவியின் மேல் போடுவதற்கு முன் தட்டையும் பார்க்க வேண்டும். தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 100 மி.மீ. தொலைவில் உள்ள பள்ளத்தில் வேகம் இருபக்கமும் 0.5 சதவீதம் ஊசலாடும். நல்ல மலிவு டர்ன்டேபிளின் சொந்தப் பிழையைவிட இது பல மடங்கு பெரியது. டோன்ஆர்மின் தலை ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமும் ஆடினால் குறை தட்டில்தான்.

டோன்ஆர்ம்

பட்ஜெட் டர்ன்டேபிளின் தரம் வேறெங்கேயும்விட இங்கேதான் வெளிப்படுகிறது. இதில் குறை இருந்தால் பின்னாளில் நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டும் பயனில்லை.

டோன்ஆர்மின் மேல் இரண்டு எதிரெதிர் கோரிக்கைகள் உள்ளன. பள்ளத்தின் சுருளையும் தட்டின் வளைவையும் பின்தொடர அது உராய்வின்றி நகர வேண்டும். இசையின் அதிர்வுகளுக்கோ பாறைபோல் நிற்க வேண்டும். பேரிங்கை இறுக்கினால் உராய்வு, தளர்த்தினால் ஆட்டம். இரண்டும் இல்லாமல் செய்வதற்குத்தான் பணம் தேவைப்படுகிறது. சோதனை: எதிர்எடையைத் திருகிக் கை தராசுபோல் கிடைமட்டமாக மிதக்கும்படி வைக்க வேண்டும். ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சுழியத்தில் வைத்து, இலேசாக ஊதினால் கை தடங்கலின்றி நகர வேண்டும். எந்த இடத்திலும் ஒட்டி நிற்கக் கூடாது. பிறகு கார்ட்ரிட்ஜ் பொருத்தும் தலைப்பகுதியை விரல் நுனிகளால் பிடித்து, மிக மென்மையாக முன்னும் பின்னும், வலமும் இடமுமாக முறுக்கிப் பார்க்க வேண்டும். இங்கும் அந்த 'டக்' இருக்கக் கூடாது. ஊசிக்குக் காப்புறை இட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஊசிகள் முறிவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது கையும் கார்ட்ரிட்ஜும் பொருந்துவது. ஊசியைத் தாங்கும் சிறு தண்டு ரப்பரில் நிற்பதால் வில்போல் நெகிழும். அந்த வில்லின் மேல் கையும் கார்ட்ரிட்ஜும் எடைபோல் அமர்ந்திருப்பதால், மொத்த அமைப்புக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. ஊசி உணரும் எடையைக் கிராமிலும், நெகிழ்திறனை மில்லிநியூட்டனுக்கு இத்தனை மைக்ரான் என்றும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுத்தால் அது கிடைக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை நல்ல எல்லை. அதற்குக் கீழே வளைந்த தட்டுகளின் அலைவும் காலடி அதிர்வும் இருக்கின்றன; மேலே இசை தொடங்குகிறது. இந்த விலையில் பரவலாகக் காணப்படும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜின் எடை 7.2 கிராம், நெகிழ்திறன் 20. ஊசி உணரும் எடை 10 கிராம் உள்ள கையில், திருகுகளையும் சேர்த்து 18 கிராம் என்று கொண்டால் விடை 8.4 ஹெர்ட்ஸ். அதே கார்ட்ரிட்ஜை 20 கிராம் கையில் போட்டால் 6.7க்கு இறங்கிவிடும், வளைந்த தட்டில் ஊசி தடுமாறும். ஒரு நண்பரிடம் அருமையாக ஒலித்த கார்ட்ரிட்ஜ் இன்னொருவரிடம் சொதப்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எதிர்எடை இல்லாத டோன்ஆர்மை எந்த விலையிலும் தவிர்ப்பது நல்லது. ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லாத கருவி, இசைத்தட்டை என்ன செய்கிறது என்று அறியவும் வழியில்லை. நல்ல காந்தவகைக் கார்ட்ரிட்ஜ்கள் 1.5 முதல் 2 கிராம் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ்களுக்கு அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படுகிறது. எதிர்எடையில் அச்சிட்ட எண்களை முழுக்க நம்பாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு டிஜிட்டல் தராசால் சரிபார்க்கலாம். அழுத்தம் அதிகமானால் தட்டு தேயும் என்பது எல்லாருக்கும் தெரியும். குறைவானாலும் தேயும் என்பது பலருக்குத் தெரியாது: ஊசி பள்ளத்தின் சுவரோடு ஒட்டாமல் துள்ளி, திரும்ப விழும்போது சுவரைக் கொத்துகிறது.

கையின் தலை உட்பக்கம் சாய்ந்திருப்பதால் உராய்வு அதை மையத்தை நோக்கி இழுக்கிறது. இதைச் சமன்செய்வதே ஆன்டி-ஸ்கேட்டிங். நூலில் தொங்கும் சிறு எடை, வில், காந்தம் என்று முறைகள் பல. நூல் பார்ப்பதற்குப் பழமையாக இருந்தாலும் கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை.

கார்ட்ரிட்ஜின் கோணமும் உண்டு. தட்டை வெட்டும் இயந்திரம் நேர்க்கோட்டில் நகர்கிறது. டோன்ஆர்மோ ஒரு முனையில் நின்று வில்வட்டமாக நகர்கிறது. ஆகவே முழுத் தட்டிலும் இரண்டு இடங்களில் மட்டுமே ஊசி சரியான கோணத்தில் இருக்கும். பரவலான முறையில் அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் அமைகின்றன. தவறாகப் பொருத்தினால் பாதிப்பு தட்டின் கடைசிப் பாட்டில்தான் முதலில் கேட்கும். வெளி விளிம்பில் பள்ளம் வினாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள் விளிம்பில் 21 செ.மீ. மட்டுமே. அதே இசையை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிக்கிறார்கள். 'ஸ' போன்ற ஒலிகள் கடைசிப் பாட்டில் சீறினால் முதலில் கோணத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலேயே சரியாகப் பொருத்தி அனுப்புவது முதல்முறை வாங்குபவருக்குப் பெரிய உதவி. ஆனால் கார்ட்ரிட்ஜைக் கழற்றவே முடியாதபடி செய்திருப்பது உதவி அல்ல.

விடப்பட்டவையும் சேர்க்கப்பட்டவையும்

பாட்டு முடிந்ததும் கை தானாகத் திரும்பும் வசதி, வேகச் சுவிட்ச், கையின் உயரத்தை மாற்றும் திருகு ஆகியவை இல்லாதது குறையல்ல. விலையை அடக்குவதற்கான நேர்மையான வழி. ஐயத்துடன் பார்க்க வேண்டியது மறுபுறத்தை. புளூடூத், யூஎஸ்பி, உள்ளமைந்த ஃபோனோ பெருக்கி, விளக்குகள் என்று எல்லாமும் இருந்து விலையும் குறைவாக இருந்தால், அந்தப் பணம் பேரிங்கிலிருந்தும் டோன்ஆர்மிலிருந்தும் எடுக்கப்பட்டது என்றே கொள்ளலாம். உள்ளமைந்த ஃபோனோ பெருக்கி வீட்டில் வேறு இல்லாதவருக்குப் பயன்படும். அதைத் தவிர்த்துவிட்டு வெளிப் பெருக்கியை இணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால் இரண்டு சோதனைகள் போதும். நிறுத்திய தட்டில் ஊசியை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, ஒலியளவை வழக்கமான நிலைக்குப் படிப்படியாக ஏற்றினால் மோட்டாரின் முனகல் பீடம் வழியாக எவ்வளவு வருகிறது என்று தெரியும். அதே நிலையில் பீடத்தை நகத்தால் இலேசாகத் தட்டினால் 'தொம்' என்று நீண்டு ஒலிக்கிறதா, சட்டென்று அடங்குகிறதா என்பதும் தெரியும். எந்த டர்ன்டேபிளும் முழு அமைதியாக இருக்காது. நீண்டு ஒலிப்பதுதான் கெட்ட அறிகுறி. வில்களில் தொங்காத மெல்லிய பீடங்களுக்கு மேசை முக்கியம். மரத்தரையில் நடந்தால் ஊசி தாவுகிறது என்ற புகார்களுக்குச் சுவரில் பொருத்திய சிறு அலமாரி, புதிய டர்ன்டேபிளைவிட மலிவான மருந்து. ஒலிபெருக்கிகளை அதே மேசையில் வைக்கவே கூடாது.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் வாங்கும்போதே விசாரிக்க வேண்டும். பெல்ட் சில ஆண்டுகளில் நெகிழும். வைர ஊசி சில நூறு மணி நேரம் முதல் 1,000 மணி நேரம் வரை ஓடியபின் மாற்ற வேண்டியது. எக்ஸ்ஏ போன்ற 1960களின் டர்ன்டேபிள்கள் இன்றும் ஓடுகின்றன என்றால், புதிய பெல்ட்டும் சில சொட்டு எண்ணெயும் போட்டதும் அவை மீண்டும் சுழல்வதால்தான். பெயரில்லாத மின்சுற்றுப் பலகையை நம்பி இயங்கும் மலிவுக் கருவியில் அந்தப் பலகை பழுதானால், பேரிங்கும் கையும் நன்றாக இருந்தும் முழுக் கருவியும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.